அடிக்கிறவனைத் தடுப்பதா? அடிபடுகிறவனைத் தடுப்பதா?

(பெற்றோர்களும் உபாத்தியாயர்களும் கூடியிருந்த ஒரு கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று இக்கூட்டத்தில் "வாலிபப் பிள்ளைகளும் காதலும்" என்னும் விஷயமாய் நாம் பேசவேண்டுமென்று கேட்டுக்கொள்ளப்பட்டிருக்கிறோம். காதலைப் பற்றிப் பேசாதவர்கள் நம் நாட்டில் யார் இருக்கிறார்கள்? புராணக்காரன் பேசுகிறான், புலவன் பேசுகிறான், சினிமாக்காரன் டிக்கட்டு விற்றுப் பேசுகிறான். இவ்வளவையும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற நம் ஜனங்கள், தங்கள் வீட்டுப் பெண்ணோ பையனோ அந்தச் சொல்லை ஒருதரம் உச்சரித்துவிட்டால் மாத்திரம் அரிவாளைத் தேடுகிறார்கள். மேடையில் காதல் தெய்வீகம், வீட்டில் காதல் மானக்கேடு என்கின்ற இந்த இரட்டைக் கணக்கை ஒழிப்பதற்கே நாம் இன்னும் எவ்வளவோ காலம் பாடுபட வேண்டியிருக்கிறது.

ஆனால் நாம் இன்று பேசப்போவது அதிலும் ஒருபடி கடினமானது. ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சியில் உட்கார்ந்து படிக்கிற இரண்டு பையன்களோ அல்லது இரண்டு பெண்களோ முதலில் சிநேகிதர்களாய் இருந்து, பிறகு அந்தச் சிநேகம் வெறும் சிநேகமல்ல, காதல் என்பதாக அவர்களுக்கே தெரியவந்தால், அப்பொழுது பெற்றோர்களாகிய நீங்களும் உபாத்தியாயர்களாகிய நீங்களும் என்ன செய்யவேண்டும் என்பதே நமது விஷயம். இதைச் சொன்ன மாத்திரத்தில் முன்வரிசையிலிருக்கும் சில பெரியவர்கள் முகம் சுளிப்பதைப் பார்க்கிறோம். சுளிப்பதைப்பற்றி நமக்கு ஆட்சேபணையில்லை. எழுந்துபோகாமல் உட்கார்ந்திருக்கிறீர்களே, அதற்காக வந்தனம்.

முதலாவதாக நம் நாட்டு வேடிக்கை ஒன்றைச் சொல்லுகிறோம். ஒரு பையனும் ஒரு பெண்ணும் பள்ளிக்கூட வாசலில் இரண்டு நிமிஷம் நின்று பேசினால் ஊரெல்லாம் தலை திரும்புகிறது. ஆனால் இரண்டு பையன்கள் தோள்மேல் கைபோட்டுக்கொண்டு கடைவீதி முழுதும் சுற்றலாம். ஒரே சைக்கிளில் போகலாம். ஒரே பாயில் படுத்து விடியவிடியப் பேசலாம். இரண்டு பெண்கள் கைகோத்துக்கொண்டு போகலாம். ஒருத்தி தலையை மற்றொருத்தி பின்னிவிடலாம். உலகத்தில் வேறு பல தேசத்தார் பார்த்தால் ஆச்சரியப்படக்கூடிய அளவுக்கு இந்த விஷயத்தில் நம்மவர்கள் தாராளமானவர்கள். எதுவரையில் தாராளம் என்றால், அந்தச் சிநேகத்துக்கு இன்னது என்று பெயர் வைக்கப்படாதவரையில்தான். பெயர் வைத்தவுடனே நேற்றுவரை "நல்ல பிள்ளைகள், இணைபிரியாதவர்கள்" என்று பாராட்டிய அதே வாய் வசைமாரி பொழிகிறது. காரியத்தில் கடுகளவு வித்தியாசமும் இருக்காது. பெயரில் மாத்திரம்தான் வித்தியாசம். பெயருக்குப் பயப்படுகிற புத்தி பேய்க்குப் பயப்படுகிற புத்தியைச் சேர்ந்ததே தவிர, பகுத்தறிவைச் சேர்ந்ததல்ல.

இந்தப் பயம் பெரியவர்களோடு நிற்பதில்லை. பிள்ளைகளையும் பிடித்துக்கொள்ளுகிறது. இருவரில் ஒருவனுக்குத் தன் மனது தெரிந்துவிட்டால், முதலில் அவன் செய்கிற காரியம் என்னவென்றால் சிநேகிதனோடு பேசுவதை நிறுத்திவிடுவது. பெஞ்சி மாறி உட்காருகிறான். வேறு வழியாய் வீட்டுக்குப் போகிறான். மற்றவனுக்குக் காரணம் தெரியாது. அல்லது தெரிந்தும் தெரியாததுபோல் இருப்பான். மூன்று, நான்கு வருஷத்துச் சிநேகம் ஒரு வார்த்தை சண்டை இல்லாமல் அறுந்துபோகிறது. பெற்றோர், "ஏண்டா, அவன் இப்பொழுது வீட்டுப்பக்கம் வருகிறதேயில்லை?" என்று கேட்டுவிட்டு, பதில் வராவிட்டால் மறந்துவிடுகிறார்கள். பிள்ளை மறப்பதில்லை. சிலர் படிப்பை விடுகிறார்கள்; சிலர் உயிரையே விடுகிறார்கள். பத்திரிகையில் "வயிற்றுவலி தாங்காமல்" என்று ஒரு வரி வரும். அந்த வயிற்றுவலிகளில் எத்தனை வயிற்றில் இருந்தன என்று யார் கண்டது?

இனி ஒரு உண்மைச் சங்கதியைச் சொல்லுகிறோம். கதையல்ல, கோர்ட்டு ரிக்கார்டில் இருக்கிறது.

அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் என்று ஒரு மாகாணம். அந்தத் தேசத்து மாகாணங்களில் எல்லாம் மிகவும் சிறியது. அதில் கம்பர்லாந்து என்னும் ஊரில் ஒரு ஹைஸ்கூல். அந்த நாட்டு ஹைஸ்கூல்களில் வருஷக் கடைசியில் பிள்ளைகள் நல்ல உடை உடுத்திக்கொண்டு, ஜோடி ஜோடியாய் வந்து நடனமாடும் விருந்து ஒன்று நடப்பது வழக்கம். நம் பிள்ளைகளுக்கு வகுப்பு முடிவில் போட்டோ பிடித்துக்கொள்ளுவது எப்படியோ, அவர்களுக்கு அதைவிடப் பத்து மடங்கு பெரியது இந்த விருந்து. 1979-ம் வருஷத்தில் அப்பள்ளியில் படித்த பவுல் கில்பர்ட் என்னும் பையன், தான் அந்த விருந்துக்கு ஒரு பெண்ணையல்ல, ஒரு பையனையே ஜோடியாக அழைத்துவர விரும்புவதாகச் சொல்லி, தலைமையுபாத்தியாயரிடம் அனுமதி கேட்டான். தலைமையுபாத்தியாயர் மறுத்துவிட்டார். மற்றப் பிள்ளைகள் கலாட்டா செய்வார்கள், உனக்கு அடிபடும் என்பது அவர் சொன்ன காரணம்.

செய்தி வெளியே பரவிற்று. பிள்ளைகள் பவுலைக் கேலி செய்தார்கள், அவன்மேல் துப்பினார்கள், ஒருவன் அறைந்தும் விட்டான். அதன்மேல் தலைமையுபாத்தியாயரோ அவருக்கு அடுத்தவரோ அவனை ஒரு வகுப்பிலிருந்து மறு வகுப்புக்குக் கூடவே அழைத்துப்போக ஏற்பாடு செய்யப்பட்டது. பவுல் விருந்துக்குப் போகவில்லை. அப்புறம் அவன் அந்த ஊரைவிட்டே நியூயார்க்குக்குப் போய்விட்டான்.

இவ்வளவும் நடந்தபோது அதே பள்ளியில் ஆரன் ஃபிரிக் என்று இன்னொரு பையன் இருந்தான். அவனுடைய மனதும் பவுலின் மனதைப் போன்றதுதான். ஆனால் அவன் அதை வெளியே சொல்லவில்லை. துப்பப்படுகிறவன் பக்கத்தில் போய் நிற்பதற்கு 17 வயதில் எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்? 50 வயதிலேயே வராதவர்கள் எத்தனையோ பேர்.

மறு வருஷம், 1980 ஏப்ரல் மாதத்தில், கடைசி வகுப்புப் பிள்ளைகளின் விருந்தைப் பற்றிப் பள்ளியில் பேச்சு வந்தபோதுதான் ஆரன் வாய் திறந்தான். தலைமையுபாத்தியாயரிடம் போய், தன் ஜோடியாக ஒரு பையனை அழைத்துவர அனுமதி கேட்டான். மறுக்கப்பட்டது. அதற்குப் பிறகு விடுமுறையில் அவன் யாரை அழைத்தான் தெரியுமா? போன வருஷம் துப்பப்பட்டு, ஊரைவிட்டுப் போன அந்தப் பவுலையே, "அனுமதி கிடைத்தால் என்னோடு வருகிறாயா?" என்று கேட்டான். பவுலும் சம்மதித்தான். தோழர்களே, நாமும் எத்தனையோ காதல் கதைகளைக் கேட்டிருக்கிறோம். கடலைத் தாண்டினவன் கதையும் வில்லை ஒடித்தவன் கதையும் கேட்டாயிற்று. தன்னை அவமானப்படுத்தின பள்ளிக்கூடத்து வாசற்படியில், ஒருவன் கூப்பிட்டான் என்பதற்காக மறுபடியும் கால்வைக்கச் சம்மதித்தானே, அந்தச் சம்மதத்துக்கு முன்னால் இவையெல்லாம் எந்த மூலைக்கு?

தலைமையுபாத்தியாயர் மறுபடியும் மறுத்தார்; காரணத்தை எழுதியும் கொடுத்தார். கலவரம் நேரும், ஆரனுக்கும் முக்கியமாய்ப் பவுலுக்கும் காயம் படும் என்பதே காரணம். ஆரன் ஃபெடரல் கோர்ட்டில் வழக்குப் போட்டான். பத்திரிகைகளில் செய்தி வந்ததும் ஒரு மாணவன் அவனைப் பிடித்துத் தள்ளினான். மறுநாள் திடீரென்று முகத்தில் குத்தினான். வலது கண்ணுக்குக் கீழே 5 தையல் போடவேண்டியதாயிற்று. குத்தினவனை 9 நாள் பள்ளிக்கு வராமல் நிறுத்திவைத்தார்கள். இவனுக்கும் வகுப்புக்கு வகுப்பு காவல் போடப்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தத் தலைமையுபாத்தியாயர் கொடியவரல்ல. பையனுக்கு அடிபடக்கூடாது என்று உண்மையாகவே கவலைப்பட்டவர் என்பதாக வழக்கை விசாரித்த ஜட்ஜே தமது தீர்ப்பில் எழுதியிருக்கிறார். நாம் அதை அப்படியே ஒப்புக்கொள்ளுகிறோம். விஷயத்தின் கஷ்டமெல்லாம் அதில்தான் இருக்கிறது. கெட்டவன் வழி மறித்தால் அவனை எதிர்ப்பது சுலபம். "உன் நன்மைக்காகத்தான் தடுக்கிறேன்" என்று ஒரு நல்லவன் வழி மறித்தால், தடுக்கப்படுகிறவனுக்கே சந்தேகம் வந்துவிடுகிறது. நம் வீடுகளில் நடப்பதெல்லாம் இந்த இரண்டாவது வகைதான். பெற்ற தாய், "ஊர் என்ன சொல்லும்?" என்று அழுதுகொண்டே கதவைப் பூட்டுகிறாள். அவள் கொடியவளா? அல்ல. ஆனால் பூட்டு பூட்டுத்தான்.

வழக்கை விசாரித்தவர் ரேமண்ட் பெட்டைன் என்னும் ஜட்ஜ். 1980 மே 28-ல் தீர்ப்புச் சொன்னார். ஒரு பையன் விருந்துக்கு யாரை அழைத்துப்போகிறான் என்பது சாதாரணமாய் அவனுக்கும் அவனுடைய ஜோடிக்கும் தவிர வேறு யாருக்கும் அக்கறையில்லாத சங்கதி என்று ஆரம்பித்து, விஷயத்தை நேரே பிடித்தார். இன்னொருவன் கலகம் செய்வான் என்கிற பயத்தினால் கலகம் செய்யாதவனுடைய உரிமையைப் பறிப்பதானால், பிறகு யார் எதைச் சொல்லலாம், செய்யலாம் என்பதைத் தீர்மானிக்கிற அதிகாரம் கலகக்காரன் கைக்கே போய்விடும்; பள்ளிக்கூடத்தின் கடமை வேண்டிய பந்தோபஸ்துச் செய்வதுதானே ஒழிய, வாயை மூடச்செய்வதல்ல என்பது தீர்ப்பின் சாரம். இதற்கு ஆதாரமாக அவருக்கு அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டின் 1969-ம் வருஷத்து முடிவு ஒன்று இருந்தது. வியட்நாம் யுத்தத்தை எதிர்த்துக் கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு வந்த பள்ளிப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தார் தண்டித்தது செல்லாதென்றும், பள்ளிக்குள் நுழைந்ததனாலேயே பிள்ளைகளின் பேச்சுரிமை போய்விடாதென்றும் சொன்ன முடிவு அது.

பேச்சுரிமைக்கும் காதலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கேட்கவேண்டிய கேள்விதான். அன்றைய ரோட் ஐலண்டில் ஆணும் ஆணும் கூடுவது "இயற்கைக்கு விரோதமான குற்றம்" என்கிற சட்டம் உயிரோடிருந்தது. 1998-ல்தான் அது எடுக்கப்பட்டது. ஆகவே, "இவனுக்குக் காதலிக்க உரிமையுண்டு" என்று சொல்லி உள்ளே நுழைய அன்று ஜட்ஜுக்கு வாசல் இல்லை. ஒரு பையனோடு விருந்துக்கு வருவது, "நானும் உங்களைப்போல் ஒரு மனிதன், எனக்கும் இங்கே இடமுண்டு" என்று ஆரன் ஊரறியச் சொல்லுகிற ஒரு பேச்சு. பேச்சைத் தடுக்கக்கூடாது என்று பக்கத்து வாசலால் நுழைந்தார். சட்டத்தின் யோக்கியதையைப் பாருங்கள்! காதலிப்பதைச் சொல்லலாம், காதலிப்பது குற்றம்! ஆனாலும் திறந்திருந்த வாசலால் நுழைந்ததற்காக அந்த ஜட்ஜை நாம் பாராட்டவே வேண்டும்.

மே 30-ந் தேதி பக்கத்து மாகாணத்துச் சட்டன் என்னும் ஊரில் விருந்து நடந்தது. ஆரனும் பவுலும் போனார்கள்; நடனமாடினார்கள்; வீடு திரும்பினார்கள். வானம் இடிந்து விழவில்லை. தலைமையுபாத்தியாயர் பயந்த கலவரமும் நடக்கவில்லை. மறு வருஷம் 1981-ல் ஆரன் தன் கதையை ஒரு புத்தகமாக எழுதினான். நமக்கு அதைவிட முக்கியமாய்த் தோன்றுவது 1991-ல் வந்த இன்னொரு புத்தகம். அதை எழுதினவர்கள் இரண்டு பேர்: ஆரனும் அவன் தகப்பனாரும். பிள்ளை இப்படிப்பட்டவன் என்று தெரிந்ததும் தகப்பனும் பிள்ளையும் ஒருவருக்கொருவர் எப்படித் திடீரென்று அந்நியர்களாய்ப் போனார்கள் என்பதே அதன் விஷயம். அந்நியர்களாய்ப் போனவர்கள் சேர்ந்து உட்கார்ந்து ஒரு புத்தகம் எழுத முடிந்திருக்கிறது. இங்கே வந்திருக்கும் தகப்பன்மார்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறோம்.

தோழர்களே! இந்தச் சங்கதி ஏதோ 8,000 மைலுக்கு அப்பால் நடந்த புதுமை என்று நினைக்காதீர்கள். "நீ போனால் கலகம் வரும், ஆகையால் நீ போகாதே" என்கிற நியாயம் நமக்கு மிகவும் பழக்கமான நியாயம். 1924-ம் வருஷம் வைக்கத்தில் நடந்தது என்ன? கோவிலைச் சுற்றியிருக்கிற தெருவில் நாய் போகலாம், பன்றி போகலாம். ஈழவனும் புலையனும் போகக்கூடாது. போகிறோம் என்று புறப்பட்டபோது ஜில்லா மாஜிஸ்திரேட்டு போட்ட தடையுத்திரவு என்ன சொல்லிற்று? "தீண்டாமை நல்லது" என்றா சொல்லிற்று? இல்லை. அமைதிக்குப் பங்கம் வரும் என்றுதான் சொல்லிற்று! தெருவில் நடக்கிறவனால் அமைதிக்குப் பங்கமாம். நடக்கிறவனை அடிக்க வருகிறவனால் பங்கமில்லையாம். அந்த உத்திரவுகளை மீறினதற்காகவே ஈ.வெ.ரா. இரண்டு முறை சிறைக்குப் போனார். 1925-ம் வருஷக் கடைசியில் மூன்று பக்கத்துத் தெருக்கள் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டன. கலகம் வரும் என்று பயமுறுத்தின தெருவில் கலகம் இல்லாமல் ஜனங்கள் நடந்தார்கள்.

ஆகவே இந்த நியாயத்தின் சூட்சுமத்தை அறிந்தவர்கள் நாம். தெருவுக்கு அது பொய்யானால் பள்ளிக்கூடத்துக்கு மாத்திரம் எப்படி மெய்யாகும்? ஜாதி விட்டு ஜாதி காதலித்தவர்களைப் பார்த்து "ஓடிப்போங்கள், இல்லாவிட்டால் வெட்டுவார்கள்" என்கிறோம். வெட்டுகிறவனைப் பார்த்து ஒன்றும் சொல்லுவதில்லை. கேலிக்காளாகிற பையனைப் பார்த்து "நீ ஏன் அப்படி நடக்கிறாய், அப்படிப் பேசுகிறாய்?" என்கிறோம், கேலி செய்கிற 40 பேரைப் பார்த்து, "பிள்ளைகள் விளையாட்டு" என்கிறோம். உபாத்தியாயத் தோழர்களே! நீங்கள் வகுப்பிலே கண்டிக்க வேண்டியது ஒருவனையா, 40 பேரையா? ஒருவனைக் கண்டிப்பது சுலபம் என்பதற்காக அது நியாயமாகிவிடுமா?

இனி, இது இயற்கைக்கு விரோதம் என்று சொல்லுகிறார்களே, அதைக் கொஞ்சம் பார்ப்போம். நம் நாட்டில் 1860-ம் வருஷத்துப் பீனல் கோடின் 377-வது பிரிவு இந்த வார்த்தையைத்தான் உபயோகித்தது. அதை எழுதினவர்கள் யார்? மெக்காலே பிரபுவும் அவருடைய கமிஷன்காரர்களும் போட்ட நகலிலிருந்து வந்த சட்டம் அது. "இந்தக் காதல் மேல்நாட்டு இறக்குமதி" என்று மார்தட்டுகிறவர்களைக் கேட்கிறோம்: கப்பலேறி வந்தது காதலா, சட்டமா? சட்டம் வந்த வருஷத்தைச் சொல்ல முடிகிறது. பிள்ளைகள் மனதில் காதல் வந்த வருஷத்தை எந்தச் சரித்திரக்காரன் சொல்லுவான்?

இயற்கை என்பதற்குத்தான் என்ன அர்த்தம்? மூக்குக்கண்ணாடி இயற்கையா? க்ஷவரம் செய்துகொள்ளுவது இயற்கையா? அம்மை குத்திக்கொள்ளுவது இயற்கையா? இயற்கைக்கு விரோதமான இவ்வளவையும் சந்தோஷமாய்ச் செய்துகொண்டு, இந்த ஒன்றில் மாத்திரம் இயற்கைக்கு வக்காலத்து வாங்குவானேன்? சரி, இயற்கையையே கேட்போம் என்றாலும் இயற்கை அவர்கள் பக்கம் சாட்சி சொல்ல மறுக்கிறது. ஆட்டுக் கிடாக்களிலும், பறவைகளிலும், குரங்கினங்களிலும், இன்னும் எத்தனையோ பிராணிகளிலும் ஒரே பாலில் ஜோடி சேருவதை விஞ்ஞானிகள் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். இது நோய் என்றாவது சொல்லலாமா என்றால், அமெரிக்க மனோவைத்தியர்கள் சங்கம் 1973-லேயே தங்கள் நோய்ப் பட்டியலிலிருந்து இதை எடுத்துவிட்டது. உலக சுகாதார ஸ்தாபனம் 1990 மே 17-ல் எடுத்துவிட்டது. நோயில்லாததற்கு மருந்து கொடுக்கிறவன் வைத்தியனா, மந்திரவாதியா?

மந்திரவாதி என்று சும்மா சொல்லவில்லை. பிள்ளையை "மாற்றிவிடுகிறேன்" என்று பணம் வாங்குகிற வைத்தியர்கள் நம் ஊர்களில் இருந்திருக்கிறார்கள். மாத்திரை கொடுப்பவர், மின்சாரம் வைப்பவர், வேப்பிலை அடிப்பவர் என்று பலதரப்பட்டவர்கள். படித்த டாக்டருக்கும் பூசாரிக்கும் இந்த ஒரு விஷயத்தில் அதிக வித்தியாசம் இருக்கவில்லை. நம் சென்னை ஹைகோர்ட்டு தலையிட்ட பிறகுதான், 1922-ல் அல்ல தோழர்களே, 2022-ல்தான், தேசிய மருத்துவக் கமிஷன் இம்மாதிரி "மாற்றும் சிகிச்சை" தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது.

அந்த ஹைகோர்ட்டு வழக்கு நமது மதுரையில் ஆரம்பித்தது. இரண்டு இளம் பெண்கள். சிநேகிதிகளாய் அறிமுகமாகி ஒருவரையொருவர் காதலித்தவர்கள். இருவரும் வயது வந்தவர்கள். பெற்றோர் எதிர்த்ததால் சென்னைக்கு வந்துவிட்டார்கள். பெற்றோர் பெண்ணைக் காணோம் என்று போலீசில் எழுதிவைத்தார்கள். போலீசுத் தொந்தரவிலிருந்து பாதுகாப்புக் கேட்டுப் பெண்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். விசாரித்த ஜட்ஜ் ஆனந்த் வெங்கடேஷ் செய்த காரியம் நம் நாட்டில் அபூர்வமானது. இந்த விஷயத்தில் தமக்குப் போதிய அறிவில்லை, முன்கூட்டிய எண்ணங்கள் தம்மிடமும் இருக்கின்றன என்று ஒளிக்காமல் சொல்லி, ஒரு மனோதத்துவ நிபுணரிடம் தாமே போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டு வந்து, 2021 ஜூன் 7-ல் உத்திரவு போட்டார். நாற்காலியில் உட்கார்ந்தவுடன் எல்லாம் தெரிந்துவிட்டதாக நினைக்கிற உத்தியோகஸ்தர்கள் நிறைந்த நாட்டில், கற்றுக்கொள்ளப் போனேன் என்று ஒரு ஜட்ஜ் எழுதியதை நாம் சட்டத்தைவிடப் பெரிதாக மதிக்கிறோம். ஜாதியையும் மதத்தையும் பற்றியும் நம் பெரிய மனிதர்கள் இப்படி ஒருநாள் கற்றுக்கொள்ளப் போவார்களானால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

அந்த உத்திரவில் பள்ளிக்கூடங்களைப் பற்றியும் இருக்கிறது. பெற்றோர் உபாத்தியாயர் சங்கங்களைக் கொண்டே பெற்றோர்களுக்கு இந்த விஷயத்தை விளங்கவைக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. மரியாதையான சொற்கள் வேண்டுமென்று அதே கோர்ட்டு வற்புறுத்தியதன் பேரில் 2022-ல் தமிழ்நாட்டு அரசாங்கம் ஒரு சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. அதுவரை இந்தப் பிள்ளைகளைக் குறிக்க நம் தமிழில் வசைச் சொல்லைத் தவிர வேறு சொல் எத்தனை பேருக்குத் தெரியும்? "தமிழ் செம்மொழி" என்று சொல்லிக்கொள்ளும் நாம், ஒரு பிள்ளை தன்னைப் பற்றி அவமானமில்லாமல் சொல்லிக்கொள்ள ஒரு வார்த்தையைக் கொடுப்பதற்கே கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

சட்டம் இன்று எப்படியிருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம். 2018 செப்டம்பர் 6-ல் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து ஜட்ஜுகள், வயது வந்த இருவர் மனமொப்பிச் செய்வது 377-ன்படி குற்றமல்ல என்று தீர்ப்புச் சொன்னார்கள். பீனல் கோடே போய், 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டம் வந்துவிட்டது. அதில் அந்தப் பிரிவு இல்லை. ஆனால் கலியாண உரிமை கேட்டபோது, 2023 அக்டோபர் 17-ல் அதே சுப்ரீம் கோர்ட்டு, அது சட்டசபை செய்யவேண்டிய காரியம் என்று கையை விரித்துவிட்டது. புரோகிதனில்லாமல் நாம் செய்துவந்த சுயமரியாதைக் கலியாணங்களைச் சட்டம் ஒப்புக்கொள்ள 1967 வரையில் பொறுத்திருந்தோமல்லவா? காத்திருப்பது இன்னதென்பது நமக்குத் தெரியும்.

சிலர் கேட்கலாம்: "பெரியவர்கள் சங்கதி வேறு; பள்ளிப்பிள்ளைக்கு என்ன தெரியும்? வயதுக் கோளாறு, இரண்டு வருஷத்தில் போய்விடும்" என்று. சரி. பையன் ஒரு பெண்ணைப் பார்த்துச் சிரித்தால், அவன் அத்தை "என் மருமகனுக்கு அதற்குள் பெண் பார்க்கத் தெரிந்துவிட்டது" என்று கேலி செய்து மகிழுகிறாளே, அப்பொழுது வயதுக் கோளாறு எங்கே போயிற்று? அவனுக்குத் தெரிந்தால் இவனுக்கும் தெரியும். போய்விடுவதானால் தானாகப் போகட்டும். அதற்கு அடி எதற்கு, பூட்டு எதற்கு? பள்ளிப்பிள்ளைகள் படிப்பை விட்டுவிட்டுக் காதல் செய்யவேண்டும் என்று நாம் பிரசாரம் செய்ய வரவில்லை. ஆணும் பெண்ணுமானாலும் சரி, ஆணும் ஆணுமானாலும் சரி, அந்த வயதில் படிப்பும், தன் காலில் நிற்கிற யோக்கியதையும் முதல் வேலை. ஆனால் மனதில் தோன்றினதைத் தகப்பனிடமோ உபாத்தியாயரிடமோ பயமில்லாமல் சொல்லக்கூடிய பிள்ளை ஆபத்தில் விழுவதில்லை; சொல்ல முடியாத பிள்ளைதான் விழுகிறது. கெட்ட எண்ணத்தோடு வருகிற பெரியவர்களிடம் அகப்பட்டுக்கொள்ளுவதும் அந்தச் சொல்ல முடியாத பிள்ளைதான்.

இன்னொரு சங்கதியைச் சொல்லாமல் விட்டால் நாம் பாதிதான் சொன்னவர்களாவோம். கோர்ட்டில் ஜெயித்தால் எல்லாம் ஆகிவிட்டது என்று நினைக்கக்கூடாது. 2002-ல் கனடா தேசத்து ஓஷாவாவில் மார்க் ஹால் என்ற பையன் கத்தோலிக்கப் பள்ளியொன்றின் மேல் இதே மாதிரி வழக்குப் போட்டு ஜெயித்து, தன் காதலனோடு விருந்துக்குப் போய்வந்தான். நல்லதாய் முடிந்தது. ஆனால் 2010-ல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாகாணத்தில், ஃபுல்டன் என்னும் ஊரில், கான்ஸ்டன்ஸ் மெக்மில்லன் என்ற 18 வயதுப் பெண், தன் காதலியோடு விருந்துக்கு வர அனுமதி கேட்டாள். பள்ளி நிர்வாகம் என்ன செய்தது? அவளுக்கு அனுமதி கொடுப்பதைவிட விருந்தையே நிறுத்திவிட்டது! குளத்தில் தாழ்ந்த ஜாதியான் இறங்கிவிடுவான் என்பதற்காகக் குளத்தையே தூர்க்கிற புத்தி நமக்கு மாத்திரம் சொந்தம் என்று எண்ணியிருந்தோம். கடல் கடந்தும் இருக்கிறது. கோர்ட்டு அவளுடைய உரிமை மீறப்பட்டதென்று மார்ச் மாதத்தில் சொல்லிற்று. ஆனால் பெற்றோர்கள் சேர்ந்து தனியாக எல்லோருக்கும் விருந்து நடத்தப்போவதாகச் சொன்னதை நம்பி, பள்ளி விருந்தை நடத்தும்படி உத்திரவு போடவில்லை. ஏப்ரலில் அந்தப் பெண் உடுத்திக்கொண்டு சொன்ன இடத்துக்குப் போனாள். அங்கே ஏழே பேர் இருந்ததாக அவள் சொன்னாள். மற்ற எல்லோரும் அவளுக்குத் தெரியாமல் வேறிடத்தில் விருந்து கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். பெற்றோர்களின் ஏற்பாடு! துப்பினவர்கள் பிள்ளைகள், அவர்களாவது எதிரே நின்று துப்பினார்கள். இது படித்த பெரியவர்கள், கணக்குப் போட்டு, விளக்குப் போட்டு, பலகாரம் வைத்துச் செய்த வேலை. ஜூலையில் பள்ளி ஜில்லா போர்டு அவளுக்கு 35,000 டாலர் கொடுத்து, இனிமேல் இம்மாதிரிப் பிள்ளைகளிடம் வித்தியாசம் பாராட்டுவதில்லை என்கிற விதியையும் ஏற்றுக்கொண்டது. ரொக்கம் கொடுத்துவிட்டார்கள். அந்த ஒரு நாள் ராத்திரியை யார் திருப்பிக் கொடுப்பது?

நம் ஊரில் இந்த இரண்டாவது விருந்து தினமும் நடக்கிறது. வாயால் ஒன்றும் சொல்லமாட்டார்கள், பிறந்தநாளுக்குக் கூப்பிடமாட்டார்கள். உல்லாசப் பயணத்துக்குப் பெயர் கொடுத்தால் பஸ்ஸில் இடமில்லை என்பார்கள். "அந்தப் பிள்ளையோடு சேராதே" என்று வீட்டுக்கு வீடு மெதுவாய்ச் சொல்லிவைப்பார்கள். அதற்கு எந்தக் கோர்ட்டிலும் வழக்கில்லை. சட்டம் நுழைய முடியாத அந்த இடத்தில்தான் உங்களைப் போன்றவர்களுக்கு வேலையிருக்கிறது.

ஆகையினால் நாம் உங்களைக் கேட்டுக்கொள்ளுவது பெரிய காரியமல்ல. அடுத்த மாதம் உங்கள் பள்ளியில் பெற்றோர் உபாத்தியாயர் சங்கக் கூட்டம் கூடும்போது, கட்டணத்தையும் சாப்பாட்டு அறையையும் பற்றிப் பேசி முடித்த பிறகு, யாராவது ஒருவர் எழுந்து, "ஹைகோர்ட்டு 2021-ல் நம் சங்கத்துக்கு ஒரு வேலை சொல்லியிருக்கிறதே, அது என்னவாயிற்று?" என்று கேட்கவேண்டும். கேட்கிறவரை நாலு பேர் முறைத்துப் பார்ப்பார்கள். முறைக்கட்டும். அந்தச் சமயத்தில் அந்த அறைக்கு வெளியே, ஜன்னலோரமாய் நின்றுகொண்டு, பேசாமல் போன தன் சிநேகிதனைப் பற்றி யாரிடமும் சொல்லத் தெரியாமல் தவிக்கிற பிள்ளை ஒன்று இருக்கக்கூடும். அது உங்கள் பிள்ளையாகவும் இருக்கலாம்.

நேரம் அதிகமாகிவிட்டது. சந்தேகமுள்ளவர்கள் சீட்டில் எழுதித் தலைவரிடம் கொடுத்தால் அவர் முடிவுரைக்குப் பிறகு பதில் சொல்லுகிறோம். பெயர் எழுத வேண்டிய அவசியமில்லை.